டயல் டோனுக்கு இனி யார் பொறுப்பு?



கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பர்ல டி.சி.பி.க்கும் யூ.டி.பி.க்கும் வித்தியாசம் கேட்டா ஒரு பக்கத்துக்கு அட்டவணை போட்டுடுவோம். "யூ.டி.பி. எங்கே பயன்படுகிறது?" என்று கேட்டால் மட்டும் "குரல், வீடியோ" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள்ள ஒரு பெரிய வேலையே ஒளிஞ்சிருக்கு. நாளைக்கு ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பக்கம் வேலைக்குச் சேர்ந்தா, "நம்ம ஆபீஸ் போன் எல்லாத்தையும் ஐ.பி.க்கு மாத்தணும், சாட், வீடியோ மீட்டிங் எல்லாம் ஒரே ஆப்ல வரணும். என்ன வேணும்னு எழுதிக் கொடு" என்று மேனேஜர் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கு.

பிராட்பேண்டும் ஹெட்செட்டும் வாங்கினால் போதும் என்று தோன்றும். போதாது. பழைய டெலிபோன் நெட்வொர்க் நூறு வருஷமா சில வேலைகளை நமக்காகச் சத்தமில்லாம செஞ்சுக்கிட்டு இருந்தது. போனை இணையத்துக்கு மாத்துற அன்னைக்கு அந்த வேலைகள் எல்லாம் நம்ம தலையில் வந்து விழுகின்றன. அவை என்னென்ன, ஒவ்வொன்றையும் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பழைய போன் செய்த நாலு வேலை

ஒன்று, பாதை. நீங்க நம்பர் போட்டதும் எக்ஸ்சேஞ்ச் உங்களுக்கு மட்டும் ஒரு பாதையை ஒதுக்கி வைக்கும். டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சில் அது நொடிக்கு 64 கிலோபிட். குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64,000 பிட். பேசினாலும் சும்மா இருந்தாலும் அந்தப் பாதை உங்களுடையது; வேறு யாரும் நடுவில் புக முடியாது.

இரண்டு, மின்சாரம். சாதாரண லேண்ட்லைன் போனுக்கு பிளக் பாயிண்ட் கிடையாது. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே செம்புக் கம்பி வழியா கரண்ட் வந்தது. தெருவே இருட்டா இருந்தாலும் போன் வேலை செஞ்சதுக்கு அதுதான் காரணம்.

மூன்று, முகவரி. அந்தக் கம்பி ஜோடி எந்த வீட்டில் போய் முடியுது என்பது எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். நம்பர் என்பதே ஒரு இடம்.

நான்கு, பூட்டு. உங்க போனிலிருந்து வேறொருவர் கால் போடணும்னா கம்பியைத் தொட்டாகணும். ரஷ்யாவிலோ பிரேசிலிலோ உட்கார்ந்துகிட்டு உங்க ஆபீஸ் லைனைத் திருட முடியாது.

ஆபீஸ்களில் இதுக்கு மேல ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி இருக்கும். உள்ளுக்குள் பேச எக்ஸ்டென்ஷன் நம்பர், வெளியே பேச 0 அல்லது 9 போட்டு டயல் பண்ணணும். பெரிய ஆபீஸ் என்றால் வெளியே போக ஒரு பி.ஆர்.ஐ. லைன். நம்ம நாட்டில் அது 2.048 மெகாபிட், 30 பேர் ஒரே நேரத்தில் பேசலாம்.

ஐ.பி. போனில் குரல் எப்படிப் போகுது?

இங்கே இரண்டு தனித்தனி உரையாடல் நடக்கும். முதலாவது சிக்னலிங்: யார் யாரைக் கூப்பிடுறாங்க, மணி அடிக்குதா, எடுத்தாச்சா, வச்சாச்சா. இதைப் பார்த்துக்கொள்வது எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் போடுற எஸ்.ஐ.பி. இல்லை!). இப்போது பயன்பாட்டில் இருக்கும் எஸ்.ஐ.பி. தரநிலை 2002-ல் வந்தது. 'இன்வைட்' என்று ஒரு செய்தி போகும், 'ரிங்கிங்' என்று பதில் வரும், எடுத்ததும் 'ஓ.கே.', அதுக்கு ஒரு 'ஆக்'. முடிஞ்சா 'பை'. பார்க்க எச்.டி.டி.பி. மாதிரியே எழுத்தில் இருக்கும், கண்ணால் படிக்கலாம்.

இரண்டாவது குரல். இது ஆர்.டி.பி. என்ற உறையில், யூ.டி.பி. மேல் போகும். வழக்கமா 20 மில்லிசெகண்ட் பேச்சு ஒரு பாக்கெட். அதாவது நொடிக்கு 50 பாக்கெட். ஏன் டி.சி.பி. இல்லை? ஒரு பாக்கெட் தொலைஞ்சா டி.சி.பி. அதை மறுபடி கேட்டு வாங்கும், அதுவரை பின்னால் வந்ததெல்லாம் காத்திருக்கும். ஆனா பேச்சில் அரை செகண்டு லேட்டா வர்ற எழுத்து குப்பைக்குத்தான் போகும். அதைவிட அந்த 20 மில்லிசெகண்டை விட்டுட்டு மேலே போறதே நல்லது. ஒரு பாக்கெட் மட்டும் தொலைஞ்சா, முன்னால் வந்த ஒலியை வச்சு இடைவெளியை மென்பொருள் நிரப்பிடும், காதுக்கே தெரியாது. வரிசையா நாலஞ்சு தொலைஞ்சாத்தான் சொல் வெட்டுப்படும்.

இப்ப கணக்கு. ஜி.711 கோடெக்கில் 20 மில்லிசெகண்டுக்கு 160 பைட் குரல். அதன் மேல் ஆர்.டி.பி. 12, யூ.டி.பி. 8, ஐ.பி. 20 ஆக 40 பைட் தலைப்பு. மொத்தம் 200 பைட், நொடிக்கு 50 தடவை, 80 கிலோபிட். ஈதர்நெட்டின் 18 பைட்டையும் சேர்த்தா 87.2 கிலோபிட். இது ஒரு திசைக்கு மட்டும்.

ஜி.729 கோடெக் குரலை 8 கிலோபிட்டாகச் சுருக்கும். 64-ல் எட்டில் ஒரு பங்குதானே, அப்போ செலவும் எட்டில் ஒரு பங்கா? இல்லை. குரல் 20 பைட்தான், ஆனால் தலைப்பு அதே 40 பைட். ஐ.பி. அளவில் 24 கிலோபிட் ஆகுது. சரக்கைவிடப் பெட்டி கனம்! இன்டர்வியூவில் இதைக் கேட்டா ஞாபகம் வச்சுக்கோங்க.

யூ.சி. என்பது என்ன?

குரல் பாக்கெட் ஆனதும் அது மற்ற டேட்டா மாதிரி ஆயிடுச்சு. அப்போ மெயில், சாட், வீடியோ, வாய்ஸ்மெயில், ஃபைல் பகிர்வு, "இவர் இப்போ மீட்டிங்கில் இருக்கார்" என்று காட்டும் பச்சை, சிவப்புப் புள்ளி எல்லாத்தையும் ஒரே கணக்கில், ஒரே நம்பரில் கட்டிடலாமே? அந்தக் கட்டுதான் யூனிஃபைடு கம்யூனிகேஷன்ஸ், சுருக்கமா யூ.சி. தமிழில் ஒருங்கிணைந்த தகவல்தொடர்பு.

இது ஒரே நாளில் வந்ததில்லை. 1995-ல் இஸ்ரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் கம்ப்யூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு இணையம் வழி பேசும் மென்பொருளை விற்றது. 1999-ல் மார்க் ஸ்பென்சர் 'ஆஸ்டரிஸ்க்' எழுதினார். லட்சக்கணக்கில் விலை போன எக்ஸ்சேஞ்ச் பெட்டியின் வேலையைச் சாதாரண லினக்ஸ் கம்ப்யூட்டர் செய்ய ஆரம்பிச்சது. 2003-ல் ஸ்கைப். மைக்ரோசாஃப்ட் பக்கம் 2010-ல் லிங்க், 2015-ல் ஸ்கைப் ஃபார் பிசினஸ், 2017-ல் டீம்ஸ். 2025 மே மாதம் ஸ்கைப்பே மூடப்பட்டு அதன் பயனர்கள் டீம்ஸுக்கு அனுப்பப்பட்டாங்க. 2020 ஊரடங்கில் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டி வந்தபோது, மேஜையில் கட்டிப்போட்ட போன் எவ்வளவு பெரிய தடை என்று எல்லா நிறுவனங்களுக்கும் தெரிஞ்சது.

கம்பெனிகள் ஏன் மாறுறாங்க என்பதற்கு நேர்மையான காரணங்கள் இருக்கு. ஒருத்தர் மூணாம் மாடியிலிருந்து ஒண்ணாம் மாடிக்கு இடம் மாறினா, பழைய முறையில் ஆள் வந்து கம்பியை மாத்தணும். இப்போ அவர் லாகின் பண்ணுற இடத்துக்கு நம்பரும் போகும். கிளைகளுக்கு இடையே எஸ்.டி.டி. செலவு இல்லை. பி.ஆர்.ஐ. லைனுக்குப் பதில் எஸ்.ஐ.பி. டிரங்க் வாங்கினா, 30 சேனல் கட்டாயம் இல்லை. 12 வேணும்னா 12. வாடிக்கையாளர் கூப்பிட்டதும் அவருடைய பழைய ஆர்டர் விவரம் திரையில் வரும்.

இப்போ அந்த நாலு வேலைக்கு வருவோம்.

பாதை: பிரச்சினை அகலம் இல்லை, வரிசை

120 பேர் உள்ள ஆபீஸ். வேலை மும்முரமான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 5 நிமிஷம் வெளியே பேசுறாங்கன்னு வச்சுக்குவோம். மொத்தம் 600 நிமிஷம். 60-ஆல் வகுத்தால் 10 எர்லாங். நூற்றில் ஒரு காலுக்கு மேல் "எல்லா லைனும் பிஸி" என்று வரக்கூடாதுன்னா, எர்லாங் பி அட்டவணைப்படி 18 சேனல் வேணும். 18 × 87.2 என்றால் சுமார் 1.6 மெகாபிட். அவ்வளவுதான்! 100 மெகாபிட் லைன் இருக்கும் ஆபீஸில் இது ஒரு மூலைக்குக்கூட வராது.

அப்புறம் ஏன் கால் நடுவில் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" ஆகுது? வரிசைதான் காரணம். ஒருத்தர் பெரிய பேக்கப்பை மேலே ஏத்துறார். அப்லோடு வேகம் 10 மெகாபிட். ரூட்டரின் வரிசையில் 1,500 பைட் பாக்கெட் 100 நிக்குதுன்னா, அது 12 லட்சம் பிட். வெளியே போக 120 மில்லிசெகண்ட். அந்த வரிசையின் கடைசியில் உங்க குட்டிக் குரல் பாக்கெட் வந்து நிக்குது. ரேஷன் கடையில் ஒரே ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர், அரிசி மூட்டைக்காரங்க பின்னாடி நிக்கிற மாதிரி.

ஒரு வழி தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குச் சிக்கல் இல்லை என்று ஐ.டி.யூ.வின் ஜி.114 பரிந்துரை சொல்லுது. பாக்கெட் கட்ட 20, மறுமுனையில் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் ஜிட்டர் பஃபருக்கு ஒரு 40 கொடுத்தாச்சுன்னா, மீதி 90-தான். வரிசை மட்டுமே 120 சாப்பிட்டா கணக்கு முடிஞ்சது. ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிச்சு, ரெண்டு பேரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று ஆவது இதனால்தான்.

தீர்வு: குரலுக்குத் தனி விலேன், குரல் பாக்கெட் தலைப்பில் டி.எஸ்.சி.பி. 46 என்ற முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்ததும் ரூட்டர் வரிசையைத் தாண்டி முன்னால் அனுப்பணும். ஆனால் இந்த முத்திரைக்கு மரியாதை உங்க ரூட்டர் வரைக்கும்தான். பொது இணையத்தில் அதை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் நெரிசல் உண்டாகும் இடம், அதாவது வெளியே போகும் அப்லோடு முனை, உங்க கட்டுப்பாட்டில் இருக்கிற மாதிரி வேகத்தைச் சற்றுக் குறைச்சு அமைக்கணும்.

கிளவுட் சேவை வாங்கும்போது இன்னொரு கேள்வி: குரல் எந்த ஊர் சர்வர் வழியா போகுது? ஃபைபரில் ஒளி 1,000 கிலோமீட்டருக்கு சுமார் 5 மில்லிசெகண்ட் எடுக்கும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் 2,900 கிலோமீட்டர். போக 15 மில்லிசெகண்ட், சமாளிக்கலாம். அமெரிக்க மேற்குக் கரை என்றால் 14,000 கிலோமீட்டருக்குக் குறையாது. போக 70, திரும்பி வர 70. பக்கத்துப் பக்கத்து மேஜையில் இருக்கும் இரண்டு பேரின் குரல் அங்கே போய்த் திரும்பினால் 140 மில்லிசெகண்ட் கடலிலேயே போச்சு. ஒரே நெட்வொர்க்கில் இருப்பவர்களின் குரல் நேராகப் போகுதா என்று விற்பவரிடம் கேட்டுத்தான் ஆகணும்.

மின்சாரம்: சங்கிலியில் எந்தக் கண்ணி முதலில் அறும்?

ஐ.பி. போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வராது. ஈதர்நெட் கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கும் பி.ஓ.இ. 2003-ல் தரநிலை ஆச்சு. ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. ஆனால் அந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் எங்கிருந்து வருது? சுவரிலிருந்து!

24 போன், ஒன்றுக்கு 5 வாட் என்றால் 120. சுவிட்சுக்கு 40, ரூட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்த்து 40. மொத்தம் 200 வாட். சின்ன யூ.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 84 வாட்-அவர். தாளில் போட்டா 25 நிமிஷம். அவ்வளவு வேகமா இழுக்கும்போது அதில் பாதி வந்தாலே பெரிசு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் ஆரம்பிச்சா மதியம் வரை போகும் ஊர் நம்ம ஊர். ஜெனரேட்டர் இருக்குன்னா, மாடியில் மூலையில் தொங்கும் அந்த ஃபைபர் பெட்டி ஜெனரேட்டர் லைனில் இருக்கான்னு போய்ப் பாருங்க. மற்ற எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது அந்த ஒரு பெட்டி அணைஞ்சா மொத்த ஆபீஸும் ஊமை.

இது சின்ன விஷயம் இல்லை என்பதற்கு பிரிட்டன் சாட்சி. அங்கே பழைய செம்புக் கம்பி டெலிபோன் நெட்வொர்க்கையே மூடுறாங்க. 2025 கடைசிக்குள் என்று வச்சிருந்த கெடு இப்போ 2027 ஜனவரி 31-க்குத் தள்ளிப்போயிருக்கு. வீட்டில் தனியா இருக்கும் முதியவர்கள் கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர பட்டன் கருவிகள் பல அந்தப் பழைய லைனை நம்பியே இருந்தன. லைனை மாத்தின பிறகு சிலருக்கு அது வேலை செய்யாமல் போன சம்பவங்கள் வெளிவந்ததும், 2023 டிசம்பரில் தொலைபேசி நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்தி வைத்தன. இணையப் போனை மட்டுமே நம்பி இருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு செய்ய வழி இருக்கணும் என்பது அங்குள்ள கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காமின் நிலைப்பாடு.

ஆபீஸிலும் இப்படி மறந்துபோன லைன்கள் இருக்கும். லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், தீ எச்சரிக்கைப் பெட்டி, வாட்ச்மேன் அறை போன், ஃபேக்ஸ். பழைய கனெக்‌ஷனை ரத்து பண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பியும் எங்கே போய் முடியுதுன்னு நடந்து போய்ப் பார்க்கணும்.

முகவரி: 101 அடிச்சா யார் எடுப்பாங்க?

2013 டிசம்பர். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊரில் ஒரு மோட்டல் அறை. காரி ஹன்ட் என்ற பெண் அங்கே தாக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள், சொல்லிக்கொடுத்திருந்தபடியே 911-க்கு நாலு முறை டயல் செய்தாள். கால் போகவே இல்லை. அந்த மோட்டல் போனில் வெளி லைனுக்கு முதலில் ஒரு 9 போடணும் என்பது அவளுக்குத் தெரியாது. காரியின் தந்தை ஹாங்க் ஹன்ட் விடாமல் போராடியதன் பலனாக 2018 பிப்ரவரியில் 'காரி சட்டம்' வந்தது. 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு அங்கே நிறுவப்படும் அலுவலக, ஹோட்டல் எக்ஸ்சேஞ்ச் எதுவானாலும், முன்னால் எந்த எண்ணும் போடாமல் 911 நேராகப் போகணும். அப்படி ஒரு கால் போனால் கட்டடத்துக்குள் பொறுப்பில் இருப்பவருக்கும் உடனே தகவல் வரணும். ரே பாம் சட்டம் என்ற இன்னொன்று, எந்த மாடி, எந்த அறை என்பது வரை இடம் தெரியணும் என்கிறது.

எக்ஸ்சேஞ்சில் அது ஒரே ஒரு வரி அமைப்பு. டயல் பிளான் எழுதினவருக்கு ஐந்து நிமிஷ வேலை.

நம்ம ஆபீஸ்களுக்கு வாங்க. வெளி லைனுக்கு 0 போடணும் என்ற பழக்கம் இங்கேயும் இருக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு: எக்ஸ்டென்ஷன் நம்பரை 100-லிருந்து ஆரம்பிப்பாங்க. 101 ரிசப்ஷன், 108 அக்கவுண்ட்ஸ், 112 ஸ்டோர்ஸ் என்று வச்சிருந்தா? தீப்பிடிச்ச நேரத்தில் 101 அடிச்சவருக்கு ரிசப்ஷனில் மணி அடிக்கும், அங்கே ஆள் இருக்காது. 100, 101, 108, 112 இந்த நாலையும் எக்ஸ்டென்ஷனாகத் தரவே கூடாது. 0 போட்டாலும் போடாவிட்டாலும் இவை வெளியே போகணும்.

இடம் என்ற சிக்கல் இன்னும் ஆழமானது. எக்ஸ்சேஞ்ச் சென்னையில், கிளை கோயம்புத்தூரில் என்றால், கோவைக்காரர் அடிக்கும் 101 சென்னை டிரங்க் வழியா வெளியேறினால் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில்தான் போய் நிற்கும். அதனால் கிளையிலேயே ஒரு உள்ளூர் லைன் வச்சு, அவசர எண்களை மட்டும் அதன் வழியா அனுப்புற மாதிரி அமைக்கணும். வீட்டிலிருந்து லேப்டாப்பில் பேசுபவர்களுக்கு "அவசரம்னா மொபைலில் கூப்பிடுங்க" என்று தெளிவா எழுதிச் சொல்லிடணும்.

பூட்டு: ராத்திரி ரெண்டு மணி கால்கள்

எஸ்.ஐ.பி. வழக்கமாக 5060-ம் போர்ட்டில் இருக்கும். ஒரு எக்ஸ்சேஞ்சை அப்படியே இணையத்தில் திறந்து வச்சா, கதவைத் தட்டும் தானியங்கி நிரல்கள் சீக்கிரமே வந்துடும். எக்ஸ்டென்ஷன் 201, பாஸ்வேர்டு 201 என்று இருந்தா முடிஞ்சது. சனிக்கிழமை ராத்திரி உங்க எக்ஸ்சேஞ்சிலிருந்து, நிமிஷத்துக்கு அதிகக் கட்டணம் உள்ள வெளிநாட்டு எண்களுக்கு வரிசையா கால் போகும். அந்தக் கட்டணத்தில் பங்கு திருடனுக்கு, பில் உங்க கம்பெனிக்கு. திங்கட்கிழமை வந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

தடுக்கும் வழிகள் எளியவை: எக்ஸ்சேஞ்சுக்கும் இணையத்துக்கும் நடுவில் எஸ்.பி.சி. என்ற காவல்காரன், நீளமான பாஸ்வேர்டு, வெளிநாட்டுக் கால் தேவைப்படுபவருக்கு மட்டும், நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் தானாக நிறுத்தம். ஒட்டுக்கேட்பைத் தடுக்க சிக்னலிங்குக்கு டி.எல்.எஸ்., குரலுக்கு எஸ்.ஆர்.டி.பி. இவை இல்லாத காலை அதே நெட்வொர்க்கில் பிடிக்க முடிந்தவர், வயர்ஷார்க்கில் போட்டுப் பாட்டு மாதிரி கேட்கலாம்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிடறேன். இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் வரம்புக்குட்பட்ட அனுமதி கிடைச்சது. லைசென்ஸ் உள்ள நிறுவனங்கள் இணையம் வழியாகச் சாதாரண போன் நம்பர்களுக்கும் சேவை தருவதற்கு 2018-ல் வழி திறந்தது. 2020 நவம்பரில் கால் சென்டர்களுக்கான பதிவு விதிகள் பெரிதும் தளர்ந்தன. ஆனால் லைசென்ஸ் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியா வரும் கால்களை சிம் பாக்ஸில் போட்டு உள்ளூர் கால் மாதிரி இறக்குவது குற்றம். "ரூமில் இந்தப் பெட்டியை வச்சு நெட் மட்டும் கொடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம்" என்று யாராவது சொன்னா, காசுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்காதீங்க. பெட்டி யாருடையதுன்னு போலீஸ் தேடும்போது வீட்டுக்காரர்தான் முதலில் கிடைப்பார்.

கையால் செஞ்சு பாருங்க

படிச்சா மட்டும் போதாது. ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸ், அதில் ஆஸ்டரிஸ்க். இரண்டு மொபைலில் லின்போன் ஆப். 201, 202 என்று இரண்டு எக்ஸ்டென்ஷன். ஒரே வைஃபையில் பேசுங்க. செலவு பூஜ்யம்.

பிறகு வயர்ஷார்க்கில் 'டெலிபோனி' மெனுவைத் திறந்தா இன்வைட்டிலிருந்து பை வரைக்கும் படமாக் காட்டும். லினக்ஸின் நெட்எம் வசதியால் வேண்டுமென்றே 2 சதவீதம், 5 சதவீதம், 10 சதவீதம் பாக்கெட்டைத் தொலைச்சுப் பாருங்க. 200 மில்லிசெகண்ட் தாமதம் சேர்த்துப் பாருங்க. எந்த இடத்தில் பேச்சு பேச்சா இல்லாம போகுதுன்னு உங்க காதே சொல்லும். சோதனை உங்க போன்களில், உங்க நெட்வொர்க்கில் மட்டும். ஹாஸ்டல் வைஃபையில் அடுத்தவர் காலைப் பிடிப்பது குற்றம்.

இரண்டு கணக்கு:

1. 45 பேர் உள்ள கிளை, மும்முர நேரத்தில் ஆளுக்கு 4 நிமிஷம் பேச்சு. ஜி.711. எத்தனை சேனல், எவ்வளவு அலைவரிசை?

2. ஜி.729-ல் பாக்கெட் நீளத்தை 20-லிருந்து 40 மில்லிசெகண்டாக மாத்தினா ஐ.பி. அளவில் எவ்வளவு மிச்சம்? அதுக்கு என்ன விலை கொடுக்கிறோம்?

விடை: முதலாவதுக்கு 3 எர்லாங், நூற்றுக்கு ஒன்று என்ற வரம்பில் 8 சேனல், ஒரு திசைக்கு சுமார் 0.7 மெகாபிட். இரண்டாவதுக்கு 24 கிலோபிட் 16 ஆகுது. ஆனால் தாமதம் 20 மில்லிசெகண்ட் கூடுது, ஒரு பாக்கெட் தொலைஞ்சா இரண்டு மடங்கு பேச்சு போகுது.

மேனேஜருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது

ஆக, அந்தத் தாளில் போனின் மாடலையும் விலையையும் எழுதுவதற்கு முன்னால் நாலு கேள்விக்குப் பதில் இருக்கணும். மும்முர நேரத்தில் பேக்கப் ஓடும்போதும் குரல் 150 மில்லிசெகண்டுக்குள் போகுமா? கரண்ட் போனால் எத்தனை நிமிஷம் தாங்கும், எந்தப் பெட்டி முதலில் சாகும்? ஒவ்வொரு கிளையிலும் 112 அடிச்சுப் பார்த்தாச்சா, எந்த ஊரில் எடுத்தாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு வெளிநாட்டுக் கால் போனா யாருக்கு எச்சரிக்கை வரும்?

அந்த மூணாவது சோதனையைப் பகலில், அவசரம் இல்லாத நேரத்தில், ஒரே ஒரு தடவை செஞ்சு, "சோதனைக் கால்தான், எங்க இடம் எதுன்னு உங்களுக்குக் காட்டுதா?" என்று பணிவாகக் கேட்டு உடனே வச்சிடணும். அடுத்த அவசரக் கால் அந்த லைனுக்காகக் காத்திருக்கும்.

டயல் டோனைக் கேட்டதும் போன் வேலை செய்யுதுன்னு நம்புற பழக்கம் நமக்கு இருக்கு. ஐ.பி. போனில் அந்தச் சத்தம்கூட மென்பொருள் உண்டாக்குவது. அதுக்குப் பின்னால் பாதையும் கரண்ட்டும் முகவரியும் பூட்டும் சரியா இருக்கான்னு பார்க்கிறது இனி எக்ஸ்சேஞ்சின் வேலை இல்லை, அந்த நெட்வொர்க்கைக் கட்டுபவரின் வேலை. சந்தேகம் இருந்தா கமெண்டில் கேளுங்க. ஆஸ்டரிஸ்க் லேப் போட்டவங்க உங்க டயல் பிளானை அனுப்புங்க, அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.